முந்திரிக் காட்டு ஜனங்கள் சொன்னது பொய்யில்லை

பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்தைச் சுற்றி, செம்மண் கண்ட இடமெல்லாம் முந்திரிதான். தை, மாசியில் தளிரும் பூவுமாக நிற்கும்போது தேயிலைக் கொசு சாறு உறிஞ்சிப் பூங்கொத்தைக் கருக்கிவிடும். "பழைய எண்டோசல்பான் போல வருமா?" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் இன்னும் உண்டு. காசர்கோட்டில் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கேரளத்தின் வடகோடியில் உள்ள அந்த மாவட்டத்தில், அரசு தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இதே பூச்சிக்கு 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டங்களை ஒட்டியே வீடுகள், கிணறுகள், ஓடைகள். கன்றுக்குட்டிகள் கால் முடங்கிப் பிறப்பதை 1979-லேயே ஸ்ரீ பத்ரே என்ற பத்திரிகையாளர் கவனித்து எழுதினார். பிறகு குழந்தைகளும் ஊனத்தோடு பிறந்தன. உள்ளூர் மருத்துவர் மோகன் குமார் எடுத்துச் சொல்லியும், மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றே பதில் வந்தது.

லீலாகுமாரி அம்மா வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்தவர். 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தெளிப்புக்குத் தடை வாங்கினார். பூச்சிமருந்து சிபாரிசு செய்யும் துறைக்குள்ளிருந்தே ஒருவர் எதிர்த்து நின்றது சின்ன விஷயமல்ல.

தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், மருந்து தெளித்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் தெளிக்காத ஊர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தெளித்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் எண்டோசல்பான் எச்சம் அதிகம் இருந்தது. பையன்கள் பருவமடைவது தாமதமாவதும் தெரிந்தது. அதற்குப் பிறகும் மத்திய அரசின் நிபுணர் குழு ஒன்று தொடர்பை ஏற்கவில்லை.

2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை ஒதுக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தன. மே 13-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்க உத்தரவிட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் போய்ச் சேர்ந்திருந்தது 8 பேருக்கு. அந்த 8 பேரும் மறுபடி கோர்ட் படியேறியவர்கள்.

தேயிலைக் கொசு தென்பட்டால், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெளியுங்கள். லேபிள் கிழிந்த பழைய புட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். எந்த மருந்து வாங்கினாலும் பில் கேளுங்கள்.