உஷார்! புதுத்துணி நைகிறதா? நாள் ஓடிக்கொண்டிருக்கிறது

ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கோ எடுத்த துணி இரண்டாவது அலசலிலேயே சாயம் விடுகிறதா? தோள்பட்டைத் தையல் பிரிந்துகொண்டு வருகிறதா? உடனே பில்லைத் தேடுங்கள். 'சரி, வீட்டில் உடுத்திக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டீர்களானால் பணம் போனது போனதுதான்.

பில்லைப் பற்றியேதான் முதல் எச்சரிக்கையும். இப்போது பெரும்பாலான கடைகள் தருவது தெர்மல் தாள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. பர்ஸின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலோ, வெயில் படும் இடத்தில் கிடந்தாலோ எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிவிடும். நீங்கள் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். விலைச்சீட்டையும், உள்தையலில் இருக்கும் துவைப்புக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். 'பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். மிச்சமாகும் அந்தச் சில ரூபாய்க்காகச் சாட்சியையே விற்றுவிடுகிறீர்கள். பில் தராமல் இருப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

அந்தப் பில்லின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! நிறம் பிடிக்கவில்லை, மகளுக்கு மனசு மாறிவிட்டது என்று போனால் அந்த வரி கடைக்காரருக்குக் கைகொடுக்கலாம். துணியிலேயே குறை என்றால் கைகொடுக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அதன் 2(47)ஆம் பிரிவு. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள்; கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். திருநாள் கழியட்டும், அடுத்த மாதம் போய்க் கேட்கலாம் என்று தள்ளிப்போடுவதிலேயே அந்த 30 நாளும் கரைந்துவிடும்.

30 நாள் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்று கைவிட்டுவிடாதீர்கள். குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நாள் கூடக்கூட, 'உடுத்தி நைந்தது' என்று கடைக்காரர் சொல்வதற்கு வலு கூடும்.

கல்லாவில் நீங்கள் கேட்கப்போகும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "அது நீங்க துவைச்ச விதம்க்கா, மெஷின்ல போட்டிருப்பீங்க." இங்கேதான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். துவைப்புக் குறிப்பை எடுத்துக் காட்டுங்கள். மெஷினில் போடலாம் என்று அதில் இருந்து, அப்படியே போட்டுச் சாயம் போனால் பழி உங்கள் மேல் இல்லை. டிரை வாஷ் மட்டும் என்றிருந்தும் மெஷினில் போட்டிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான். அதை மறைத்துப் பயனில்லை. அதேபோல, 'செகண்ட்ஸ்' என்று சொல்லி, குறையைக் காட்டியே விற்றதற்கு அதே குறையைச் சொல்லிப் போய் நிற்க முடியாது. தள்ளுபடியில் வாங்கியது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது.

ஒரு சட்டை இத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. கொடுத்த விலை, லேபிளில் இருப்பது, விற்றவர் சொன்ன வாக்கு எல்லாம் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். வணிகர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடே. ஆகவே, 'சாயம் போகாது, நான் பொறுப்பு' என்று விற்பனையாளர் சொல்லும்போதே, "அதைப் பில்லுல எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேளுங்கள். விலை கூடிய பட்டுச் சேலை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

குறை தெரிந்தபின் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போடாதீர்கள், சாயம் ஏற்றாதீர்கள், மறுபடி துவைக்காதீர்கள். கண்ணால் பார்த்துக் குறையை முடிவுசெய்ய முடியாவிட்டால் ஆணையம் துணியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். நீங்கள் கைவைத்த துணியில் எது முதலில் இருந்த குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வெளிச்சத்தில் படம் எடுத்து, அப்படியே மடித்து வையுங்கள்.

கடையில் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிட வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். இணையத்தில் வாங்கியதென்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். எதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. மனுவில் துணியின் விலையை மட்டும் எழுதாமல், அலைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு சேர்த்துக் கேளுங்கள்.