பூட்டிய கடை வாசலில் பிறந்த பாட்டு

1998-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜப்பான் தேசத்தில் யோகஹாமா நகரில் மழை கொட்டுகிறது. புயல் நேரம். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டிய ஜனங்கள் இசெசாக்கிச்சோ என்னும் கடைத்தெருவில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். நூறு பேர், இருநூறு பேர் அல்ல. சுமார் 7,500 பேர்!

யார் வரப்போகிறார்கள்? சினிமா நட்சத்திரமா? மந்திரியா?

இரண்டு வாலிபர்கள் வருகிறார்கள். பூட்டிய கடையின் வாசலில் நின்று கிதார் வாசித்துப் பாடப்போகிறார்கள். டிக்கெட் கிடையாது. நாற்காலி கிடையாது. அந்தத் தெருவில் அவர்கள் பாடுவது அன்றுதான் கடைசி. அதற்காகத்தான் அத்தனை கூட்டம்!

ஒரே பேட்டை நண்பர்கள்

அந்த இருவரில் ஒருவர் யூஜின் கிட்டகாவா. மற்றவர் கோஜி இவசாவா. யோகஹாமாவின் தெற்கே மேடும் பள்ளமுமாக அமைந்த ஒக்காமுரா என்னும் பேட்டையில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1996-ல் ஜோடி சேர்ந்து பாட ஆரம்பித்தபோது இருவருக்கும் இருபது வயதுகூட நிரம்பவில்லை.

ஜோடிக்கு ஒரு பெயர் வேண்டாமா? அதிகம் யோசிக்கவில்லை. இவசாவா அப்போது ருசித்துச் சாப்பிட்ட ஐஸ் பண்டம், 'யுசு' என்ற பழத்தின் சாற்றில் செய்தது. யுசு என்பது நம் நாரத்தை, எலுமிச்சை வகையைச் சேர்ந்த மணமுள்ள பழம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் ஜப்பான் முழுவதும் தெரியப்போகிற பெயர்!

மேடைக்கு எங்கே போவது? இசெசாக்கிச்சோவில் மட்சுசகாயா என்ற பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. பகலெல்லாம் வியாபாரம். இரவில் கதவடைப்பு. பூட்டிய அந்தக் கதவின் முன்னால்தான் இருவரும் நின்று பாடினார்கள். பாட்டுக்குப் பழக்கப்பட்ட தெருதான் அது. 1968-ல் மினா அஓயே என்ற பாடகி இந்தத் தெருவின் பெயரிலேயே பாடிய பாட்டு நாடெங்கும் பிரபலமாயிற்று. அதற்கு ஒரு நினைவுக் கல்லும் அங்கே இருக்கிறது.

தெருவில் பாடுகிறவனுக்குச் சபை கிடையாது. அவனுக்கு முன்னால் போகிறவர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்களுடைய காலை நிறுத்த வேண்டும். நீண்ட ஆலாபனைக்கும் சுற்றி வளைத்த வார்த்தைக்கும் அங்கே இடமில்லை. முதல் அடியிலேயே மெட்டு காதைப் பிடித்து இழுக்க வேண்டும்.

யுசு பாட்டுகளின் குணமே இதுதான். இரண்டு கிதார், ஒரு மவுத் ஆர்கன், சமயத்தில் ஒரு கஞ்சிரா போன்ற வாத்தியம். அவ்வளவே. கிட்டகாவா ஒரு சுரத்தில் பாடுவார். இவசாவா அதற்கு மேலே வேறொரு சுரத்தில் சேர்ந்துகொள்வார். அந்த மேல் குரல் மெல்லியது, ஆனால் கூர்மையானது. தெரு இரைச்சலையும் துளைத்துக்கொண்டு போகும். இரண்டு குரலும் கலந்து ஒலிக்கும்போது பின்னால் ஒரு வாத்தியக் கோஷ்டி இல்லையே என்ற குறை தோன்றுவதில்லை.

சைக்கிளும் பஸ்ஸும்

1997 அக்டோபரில் அவர்களுடைய முதல் சிறு இசைத்தட்டு வந்தது. 1998 ஜூன் 3-ந் தேதி 'நாட்சுயிரோ' வந்தது. 'கோடையின் நிறம்' என்று பொருள். இதுதான் அவர்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த பாட்டு.

அதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமே இல்லை! ஒருவன் தன் சிநேகிதியைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நீண்ட சரிவில் பிரேக்கை அழுத்தியபடி மெல்ல மெல்ல இறங்குகிறான். வேகமாக இறங்கினால் சரிவு சீக்கிரம் முடிந்துவிடுமே! (சைக்கிளில் இருவர் போவது ஜப்பானில் சட்ட விரோதம். அந்த வாலிபனைப் பாட்டில் எந்தப் போலீஸ்காரரும் பிடிக்கவில்லை.) ஒக்காமுராவின் மேடு பள்ளங்களில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கற்பனை வரும்.

1999-ல் வந்த 'சயோனாரா பஸ்' பிரிவைச் சொல்லும் பாட்டு. காதலியைக் கொண்டுபோக பஸ் வரப்போகிறது. மனத்தில் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. விஷயம் சோகம், மெட்டோ துள்ளல். அழுகையைச் சிரிப்பில் மறைக்கிற அந்தத் தந்திரம் இளைஞர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

தெருப்பாட்டு ஜப்பானுக்குப் புதிதல்ல. 1969-ல் டோக்கியோவின் ஷிஞ்சுக்கு ரயில் நிலையத்தில் வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கிதாருடன் பாடினார்கள். போலீசார் கலைத்தார்கள். அதோடு, 'சதுக்கம்' என்று இருந்த பெயர்ப் பலகையை 'நடைபாதை' என்று மாற்றினார்கள். சதுக்கத்தில் நிற்கலாம், நடைபாதையில் நடக்கத்தானே வேண்டும்! 'நிற்காதே, நட' என்று விரட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

முப்பது வருஷம் கழித்து வந்த யுசு பாட்டில் யுத்தமில்லை, கோஷமில்லை. சைக்கிளும் பஸ்ஸும் கோடை வெயிலும்தான். அதைச் சாரமில்லாதது என்று தள்ளுகிறவர்களும் உண்டு. ஆனால் நடக்கிற ஜனங்களை நிற்கவைத்த வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

புகழ் வந்தது, தெரு போனது

'நாட்சுயிரோ' வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெருவில் இடம் போதவில்லை. நின்று கேட்க ஐம்பது பேர் வந்தால் சந்தோஷம். ஆயிரக்கணக்கில் வந்தால் அது தெருவுக்கே ஆபத்து. எந்த வாசலில் வளர்ந்தார்களோ அந்த வாசலை விட்டுப் போகவேண்டிய நிலை வந்துவிட்டது. மழையில் 7,500 பேர் நின்ற அந்த இரவுதான் விடைபெற்ற இரவு.

பிறகு வந்தவை பெரிய அரங்குகள். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தய ஒளிபரப்புக்கு என்.எச்.கே. நிறுவனம் அவர்களுடைய 'எய்கோ நோ காக்கேஹாஷி' பாட்டை எடுத்துக்கொண்டது. 'புகழுக்கு ஒரு பாலம்' என்று தமிழில் சொல்லலாம். ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுப் போட்டியின் கடைசிக் கட்டம். ஹிரோயுகி தோமிதா உயரக் கம்பியிலிருந்து கைவிட்டுப் பறந்து தரையில் ஊன்றி நின்றார். அந்தப் பாய்ச்சலை வர்ணித்த அறிவிப்பாளர் பாட்டின் பெயரையே தம் பேச்சில் சேர்த்துவிட்டார்! 1976 மாண்ட்ரீலுக்குப் பிறகு, 28 வருஷம் கழித்து, ஜப்பானுக்கு அந்தத் தங்கம் கிடைத்தது. விடியற்காலையில் கண் விழித்துப் பார்த்த ஜப்பானியருக்கு அந்தப் பாட்டும் அந்தப் பாய்ச்சலும் ஒன்றாகிவிட்டன.

இவர்களைப் போலத் தெருவிலிருந்து வந்த இன்னொரு ஜோடி, சக்காய் நகரத்துக் 'கொபுகுரோ'. 1998-ல் சேர்ந்தவர்கள், 2007-ல் ஜப்பான் இசைத்தட்டுப் பரிசு பெற்றார்கள்.

2008 அக்டோபரில் மட்சுசகாயா அங்காடி மூடப்பட்டது. இந்தத் தடவை கதவு காலையில் திறக்கவில்லை. பிறகு கட்டடமும் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில், ஒக்காமுராவுக்குப் பக்கத்திலுள்ள கமிஓஒகா ரயில் நிலையத்தில், ரயில் வருவதை அறிவிக்க 'நாட்சுயிரோ' மெட்டு ஒலிக்கத் தொடங்கியது.

2019-ல் யுசு ஜோடி நாட்டின் மிகப் பெரிய டோம் அரங்குகளைச் சுற்றி வந்தது. பின்வாத்தியக் கோஷ்டி எதுவும் இல்லை. பல்லாயிரம் பேருக்கு முன்னால் அந்த இருவர் மட்டுமே! அவர்கள் கச்சேரியில் 'நாட்சுயிரோ' முடிந்ததும் ஜனங்கள் 'இன்னொரு தடவை!' என்று கத்துவது வழக்கம். கிட்டகாவா அவர்களைச் செல்லமாகத் திட்டுவார். திட்டிவிட்டு, மறுபடியும் கிதாரைத் தட்ட ஆரம்பிப்பார்.