கொழும்பில் நாய்க்குட்டி வாங்க ஏற்ற பருவம் எது, ஏன்?

ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும் கொழும்பில், நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் காலத்தைத் தீர்மானிப்பது மழையே ஆகும். தாயின் சீம்பால் வழியே குட்டி பெற்ற பிறபொருளெதிரிகள், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள், 6 முதல் 16 வாரங்களுக்குள் படிப்படியாகக் குறைகின்றன. எஞ்சியிருக்கும்வரை அவை தடுப்பூசியின் பயனையும் குன்றச் செய்வதால், ஊசியை 3 அல்லது 4 வார இடைவெளியில் 16ஆம் வாரம்வரை திரும்பவும் போட வேண்டியுள்ளது. குட்டி இவ்வாறு போதிய காப்பின்றி இருக்கும் வேளையில், ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை வெள்ளவத்தைக் கால்வாயோரத்திலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் தேங்கினால், எலியின் சிறுநீரிலிருந்து கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் எலிக்காய்ச்சல் பற்றீரியா அந்த ஈரத்தில் வாரக்கணக்கில் உயிர்வாழக்கூடும்.

ஆகவே, 8 வாரக் குட்டியை மழை குறைந்த ஜனவரித் தொடக்கத்தில் பெறுவதே சிறந்தது. மார்ச்சில் தடுப்பூசித் தொடர் நிறைவுற, மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அது காப்புப் பெற்றுவிடும். எனினும் குட்டிகளைக் கடுமையாகத் தாக்கும் பார்வோ வைரஸ் காய்ந்த மண்ணிலும் மாதக்கணக்கில் நிலைக்கக்கூடியது என்பதால் தடுப்பூசித் தொடர் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடலாகாது. அதேவேளை, புதியவற்றுக்கு அச்சமின்றிப் பழகும் பருவம் ஏறத்தாழ 14ஆம் வாரத்தோடு முடிவதால், காலி வீதியின் பேருந்து இரைச்சலையும் கடலோர ரயிலின் ஓசையையும் கையில் ஏந்தியபடியே அதற்குப் பழக்குவது இன்றியமையாதது. ஏப்ரல் புத்தாண்டு வெடிகள் குட்டி இவ்வாறு ஓசைகளுக்குப் பழகிய பின்னரே வரும்.