கேம் ஏன் திடீர்னு திக்குது?



கம்ப்யூட்டர் கேமில் நேற்று வரை பறந்த கார் இன்று மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தால் என்ன காரணம்? எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்தத் திட்டத்தில் எங்கள் அண்ணனுக்கு 2018-இல் ஒரு லேப்டாப் கிடைத்தது. இப்போது அதில்தான் அண்ணன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார். நான் 'சூப்பர் டக்ஸ் கார்ட்' ஆடுவேன். அது இலவச கேம், நெட் இல்லாமலே ஆடலாம்.

மே மாதம் ஒரு மத்தியானம் அது திக்க ஆரம்பித்தது. "ஆடி ஆடி நீதான் கெடுத்துட்ட" என்று எல்லாரும் என்னையே திட்டினாங்க. கடைக்காரர் பார்த்துட்டு, "மதர்போர்டு போயிடுச்சு, 6000 ரூபாய் ஆகும்" என்றார். அவ்வளவு பணத்துக்கு எங்க போறது? "பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில வந்த விலைக்குக் கொடுத்துடலாம்" என்றார் அம்மா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்போதுதான் திருக்குறள் 'மருந்து' அதிகாரம் ஞாபகம் வந்தது. முதலில் நோய் என்ன, அடுத்து அதன் காரணம் என்ன என்று பார்த்த பிறகுதானே மருந்து?

திக்குவது என்றால் என்ன?

கேம் என்பது வரிசையாக வரும் படங்கள். ஒரு நொடிக்கு 60 படம் வந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு ஒவ்வொரு படத்தையும் சுமார் 17 மில்லி நொடிக்குள் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க வேண்டும். இந்த எண்ணிக்கைக்கு எஃப்.பி.எஸ். என்று பெயர். கேம் செட்டிங்கில் போட்டால் திரையிலேயே காட்டும். எங்களுடையதில் ஆரம்பத்தில் 50 வந்தது. ஐந்தே நிமிடத்தில் 14 ஆனது!

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. நெட்டா? நெட் மெதுவானால் படம் ஒழுங்காக ஓடும், மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவித் தாவி வருவார்கள். எங்களுக்குப் படமே திக்கியது. நெட்டும் இல்லை. அதனால் இது இல்லை.

2. பின்னால் வேறு வேலை ஓடுதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வைரஸ் ஸ்கேன், அப்டேட் எது ஓடினாலும் அதில் தெரியும். எதுவும் ஓடவில்லை.

3. கரண்டா? பக்கத்து வீட்டு மாமா "லோ வோல்டேஜ்மா" என்றார். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தது. அப்போ அதுவும் இல்லை. ஆனால் சார்ஜர் இல்லாமல் ஆடினால் பேட்டரியை மிச்சப்படுத்த வேகம் குறையும், கவனிங்க.

4. சூடா? டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் வேகமும் தெரியும். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது, திக்கும்போது 0.8-க்கு இறங்கியது. காலையில் 20 நிமிடம் நன்றாக ஓடியது, மத்தியானம் 5 நிமிடம்தான். போர்டு போயிருந்தால் காலையில் மட்டும் நல்லா ஓடுமா?

பிராசசர் சுமார் 100 டிகிரியை நெருங்கினால், கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் ஓடிய நாம் நிழலில் உட்காருவது மாதிரிதான். உள்ளே ஒரு செம்புக் குழாய் சூட்டைக் கடத்தும், ஃபேன் அதை வெளியே தள்ளும். வேங்கைவாசல் மெயின் ரோடு பக்கம் எங்கள் வீடு. லாரி போனால் புழுதிதான். அந்தத் தூசி காற்று போகும் வழியை அடைத்துவிட்டது.

தூசி பல வருஷமாகச் சேருதே, திடீர்னு ஏன் திக்கணும்? ஏரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரம்பும். ஆனால் கலங்கலில் ஒரு நாள் திடீர்னுதான் வழியும். கத்திரி வெயில் அந்தக் கடைசி மழை மாதிரி.

என்ன செய்தோம்?

அண்ணன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிப்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே கம்பளித் துணி மாதிரி தூசி! ஃபேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு பிரஷால் எடுத்தோம். காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய புது பேஸ்ட்டைக் கடுகளவு வைத்தார். மொத்தச் செலவு 150 ரூபாய். இப்போது அரை மணி நேரம் ஆடினாலும் 48-க்குக் கீழே இறங்கவில்லை.

நீங்க செய்யாதீங்க: மெத்தை, தலையணை மேல் லேப்டாப்பை வைக்காதீர்கள், அடியில் உள்ள காற்றுத் துளை மூடிக்கொள்ளும். பின் மூலைகளில் இரண்டு அழி ரப்பர் வைத்துத் தூக்கிவிடுங்கள். பெரியவர்கள் இல்லாமல் திறக்கவே கூடாது.

சந்தைக்குப் போக இருந்த லேப்டாப்பில் அண்ணன் இப்போதும் படிக்கிறார். கேம் அதைக் கெடுக்கவில்லை நண்பர்களே, கோளாறை முதலில் காட்டிக் கொடுத்ததே கேம்தான். அம்மாவும் அதை ஒத்துக்கிட்டாங்க. ஆனால் பரீட்சை முடியும் வரை ஆடக் கூடாதாம்!

உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் அடித்தது.

— 9-ஆம் வகுப்பு மாணவி