தாத்தாவுக்கும் ஊசி உண்டா?

காலில் ஆணி குத்தினால், “டி.டி. ஊசி போட்டாயா?” என்று கேட்கிறோம். ரணஜன்னியைத் தடுக்கும் அவ்வூசியைப் பெரியவர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும்? அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒரு முறை என்கிறார்கள். பிரிட்டனிலோ வாழ்நாளில் 5 தவணை போதும் என்கிறார்கள்.

ஊசியால் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள், கதிரியக்கப் பொருளைப் போலவே தேய்கிறது. அதன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 11 ஆண்டு என 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. கணக்கிட்டுப் பாருங்கள். காப்புக்கு வேண்டிய அளவைப் போல் 16 மடங்கு ஒருவரிடம் இருந்தால், அது 8, 4, 2, 1 எனக் குறைய 44 ஆண்டாகும்! (இயற்பியல் ஆசிரியனுக்கு இனிக்கும் கணக்கு, உடலோ ஆளுக்கு ஆள் மாறும்.) 10 ஆண்டு என்பது மிகையான எச்சரிக்கை என்று சிலர் வாதிடுவது இதனால்தான்.

ஆனால், சுழியைப் பாதியாக்கினால் சுழிதானே? இந்தியாவில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெண்கள் பலருக்குக் கருவுற்றபோதாவது ஊசி கிடைத்தது. ஆண்கள் பலருக்கு அதுவுமில்லை. ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதன்று. அதன் கிருமி வித்துக்கள் மண்ணில் கிடக்கின்றன. ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும், வயலில் வெறுங்காலுடன் நடக்கும் உங்கள் தாத்தாவுக்கு அதனால் காப்பில்லை.

10, 16 வயதுகளில் உங்களுக்கு ஊசி போடும்போது அவரையும் விசாரியுங்கள். ஒன்றுமே போட்டதில்லை என்றால், மருத்துவர் அவருக்கு 3 தவணை போடுவார்: முதலிரண்டும் நான்கு வார இடைவெளியில், மூன்றாவது 6 முதல் 12 மாதம் கழித்து.