கண்ணாடித் தொட்டி மீன்களும் மின்சாரச் செலவும்

வர்ண மீன் வளர்ப்பு நல்லதோர் உபதொழிலாகும். சென்னையிலுள்ள கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனாலேயே ஜீவிக்கின்றன. ஆயினும் குளிர்காலத்தில் மீன்கள் மடிவதாலோ, மின்சாரக் கட்டணம் மிகுவதாலோ லாபம் கெடுவதுண்டு. இரண்டையும் தவிர்க்கும் வழி ஈண்டு விளக்கப்படும்.

மீனுக்குத் தனி உடற்சூடு இல்லை. நீரின் உஷ்ணமே அதன் உஷ்ணம். கப்பி, மோலி, ஏஞ்சல், சண்டை மீன் முதலியவற்றிற்கு 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு ஏற்றது. நீர் திடீரெனக் குளிர்ந்தால் அவை இரை எடுக்கமாட்டா. வெண்புள்ளி நோயும் பற்றும். தங்கமீன் குளிர்ந்த நீரிலும் வாழும். அதற்கு ஹீட்டர் வேண்டுவதில்லை.

100 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 0.12 யூனிட் மின்சாரம் செல்லும். ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 0.67 யூனிட்டுக்குச் சமமான உஷ்ணம் தேவை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இக்காரணத்தாலேயே. ஆகையால் திறந்த தொட்டியில் ஹீட்டர் வைப்பது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதை ஒக்கும்.

குளிர்காலத்தில் செய்யவேண்டுவன:

1. காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டுத் தொட்டியைக் கண்ணாடிப் பலகையால் மூடுக. பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மாகோல் அட்டை பொருத்துக.

2. உஷ்ணத்தை வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றற்க. அறையின் உஷ்ணம் 20 டிகிரியாயின், நீரை 28க்குப் பதில் 25 டிகிரியில் வைத்தால் உஷ்ண நஷ்டத்தில் எட்டில் மூன்று பங்கு குறையும்.

3. உஷ்ணம் எட்டியதும் தானே நின்றுவிடும் ஹீட்டரையே வாங்குக. லிட்டருக்கு ஒரு வாட் போதும். அதிக வாட் உள்ளது பழுதாகி நிற்காமற்போனால் நீர் வெகுவிரைவில் கொதிப்பேறி மீன்கள் மடியும். எனவே உஷ்ணமானியை நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

4. மின்சாரம் நின்றால் தொட்டியைக் கோணிச்சாக்கால் சுற்றுக. அதுவரை இரை போடற்க. வெந்நீரைக் கொட்டுதல் கூடாது.

கோடையில் முறை நேர்மாறாகும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும் நீர், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே ஏற்கும். ஆகவே மூடியை நீக்கி, வலையிட்டு, நீர்ப்பரப்பில் விசிறிக் காற்றுப் படச்செய்க. குறையும் நீரை அவ்வப்போது நிரப்புக.

மின்தொடர்பைத் துண்டித்த பின்னரே தொட்டிக்குள் கைவிடவேண்டும். இதனைக் கிராம உத்தியோகஸ்தர்கள் மீன் வளர்ப்போர் யாவருக்கும் வற்புறுத்திச் சொல்வார்களாக.