கைவிடப்பட்ட கூடைகள்

ஆன்லைன் கடைகளில் கூடையில் இட்ட சரக்கை வாங்காமலே ஜனங்கள் போய்விடுவது குறித்து வியாபாரிகள் பெரிதும் கவலையுறுகின்றனர். டென்மார்க்கிலுள்ள பேமார்ட் ஸ்தாபனம் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கண்ட சராசரிப்படி, 100 கூடைகளில் சுமார் 70 இவ்விதம் கைவிடப்படுகின்றன. இவற்றில் ஒரு பகுதி வெறுமனே விலை பார்க்க வந்தோருடையது, அதற்குப் பரிகாரமில்லை. மற்றவற்றிற்குப் பொறுப்பாளி யார் என்பதே கேள்வி.

இதை ஆராயும் கருவிகளுக்குக் குறைவில்லை. 2005-ல் வெளிவந்த கூகிள் அனலிடிக்ஸ் அவற்றுள் பிரசித்தமானது. பொருளைப் பார்த்தல், கூடையில் இடுதல், விலாசம் தருதல், பணம் செலுத்தும் வழியைத் தெரிவித்தல், வாங்கி முடித்தல் ஆகிய படிகளைத் தனித்தனியே குறிக்கும்படி கடைக்காரர் தம் தளத்தில் ஏற்பாடு செய்துகொண்டால், எப்படியில் எத்தனை பேர் நின்றுவிட்டனர் என்பதை அது வரிசையாகக் காட்டும். கூடையில் இட்ட 100 பேரில் 60 பேர் விலாசம் தந்து, 25 பேரே பணம் செலுத்தினர் என்று வைத்துக்கொள்வோம். விகிதப்படி பார்த்தால் பெரிய கோளாறு விலாசத்திற்கும் பணத்திற்கும் இடையே உள்ளதென்பது வெளிப்படை.

ஆயினும் இக்கணக்கு இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. அதை அறிய, கடைக்காரர் தாமே வாடிக்கைக்காரராகி அவ்வழியே ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். அனுப்புக் கூலியும் வரியும் கடைசியில்தான் தலைகாட்டுகின்றனவா? பெயரைப் பதிவு செய்தாலன்றி எதையும் வாங்க இயலாதா? கைபேசியில் பக்கம் திறக்கத் தாமதமாகிறதா? அமெரிக்க வாடிக்கைக்காரர்களிடம் பேமார்ட் விசாரித்தபோது, அவர்கள் கூறிய குறைகளில் முதலிடம் பெற்றது கூடுதல் செலவே.

சில வியாபாரிகளோ தம் குறையைத் திருத்துவதை விட்டு, போனவரைத் துரத்துவதிலேயே முனைகின்றனர். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொண்டூலி குக்கியை அமைத்தபோது, கூடையிலுள்ளதை நினைவில் வைப்பது அதன் முக்கிய உபயோகமாயிருந்தது. இன்றோ அதே குக்கி, வாங்காது சென்றவரை விளம்பரங்களோடு பின்தொடரவும் பயன்படுகிறது. 'இன்னும் ஐந்து நிமிஷமே' என்று பொய் அவசரம் காட்டுவோரும், கேளாத பொருளைக் கூடையில் நுழைப்போரும் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகள் இவ்விரண்டையும், விலையை முடிவில் கூட்டுவதையும் சேர்த்து 13 ஏமாற்று முறைகளைத் தடுத்துள்ளன. அதே ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தரும் சம்மதம் சுயேச்சையானதாகவும் விஷயம் தெரிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

சட்டத்திற்கு அஞ்சி மட்டுமின்றி, சொந்த லாபத்தை உத்தேசித்தும் வியாபாரிகள் இதைச் சிந்திக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஏமாற்றி ஒருமுறை விற்கலாம். மறுமுறை அவ்வாடிக்கைக்காரர் அந்தக் கடையை நாடார். முழு விலையையும் முதற்பக்கத்திலேயே அறிவித்துவிட்டுப் பின்னர் கூடைகளை எண்ணிப் பார்க்கட்டும். அப்பொழுது எஞ்சும் கணக்கே உண்மையான கணக்கு.